மெடல் வாங்கிய குதிரையும் அதன் எஜமானரும்

செவ்வாய், டப்ளின்

கில்மேனம் என்று சொன்னால் டப்ளினில் எல்லோரும் சிறைச்சாலைக்குத்தான் வழி காட்டுகிறார்கள். 1916 எழுச்சியின் தலைவர்களை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்ற இடம் அது. வாசலில் சுற்றுலாக் கூட்டம் வரிசை கட்டி நின்றது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. சிறைக்கு எதிரே ஒரு கல் கோபுர வாசல், அதைத் தாண்டினால் இருபக்கமும் மரங்கள் நிற்கும் நீண்ட பாதை, அதன் கோடியில் ராயல் ஹாஸ்பிட்டல். பெயரில்தான் ஆஸ்பத்திரி. வயதாகி ஓய்ந்த சிப்பாய்களைத் தங்கவைக்க 1680களில் கட்டியது. இப்போது அயர்லாந்தின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதற்குள் இயங்குகிறது.

என் அக்கா மகன் இந்த ஊரில் வேலை பார்க்கிறான். லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் நின்றுவிட்டான்.

"மாமா, ஒரு குதிரைச் சமாதியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"

ஆமாம், குதிரைச் சமாதிதான். வொனோலெல் என்று பெயர். வெள்ளை அரபுக் குதிரை, 1877இல் பம்பாயில் வாங்கியது. வாங்கியவர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். அப்போது அவர் வங்காளப் படையில் ஓர் அதிகாரி. பின்னாளில் பிரபு, ஃபீல்டு மார்ஷல், பிரிட்டிஷ் படை முழுவதற்கும் தலைமைத் தளபதி. 1895 முதல் 1899 வரை அயர்லாந்துப் படைக்குத் தலைவராக இருந்தபோது அவருக்கு வீடு இந்த மாளிகைதான். குதிரை 1899இல் இங்கேயே செத்தது. தோட்டத்தில் புதைத்துக் கல்லும் நட்டுவிட்டார்.

வேலியை ஒழுங்காக வெட்டிவிட்ட அழகான தோட்டம். ஓரத்தில் இருந்த கல்லைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது. நாம் வளர்த்த வாயில்லா ஜீவன்கள் சொர்க்க வாசலில் நம்மை எதிர்கொண்டு வரவேற்கும் என்று நம்புவது பைத்தியக்காரத்தனமா என்று கேட்கும் நான்கு வரிப் பாட்டு அதில் இருக்கிறது. மருமகன் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தான். அவன் வீட்டில் நாய் உண்டு.

இந்தக் குதிரைக்கு விக்டோரியா ராணி மெடல் கொடுத்தார். விளையாட்டுக்கு இல்லை. ஆப்கன் போருக்கான வெள்ளிப் பதக்கம், நான்கு சண்டைகளின் பெயர் பொறித்த நான்கு பட்டைகளோடு. கூடவே காபூல்–காந்தஹார் நட்சத்திரமும். 1897இல் ராணியின் வைர விழா ஊர்வலம் லண்டனில் நடந்தபோது ராபர்ட்ஸ் இதன் மேல் ஏறிப் போனார். குதிரை தன் மெடல்களை மாட்டிக்கொண்டு நடந்தது.

பெயர் வந்த கதை வேறு மாதிரி. 1871 தொடக்கத்தில் லுஷாய் மலைக்காரர்கள், அதாவது இன்றைய மிசோரம்காரர்கள், கச்சார் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இறங்கித் தாக்கினார்கள். ஒரு வெள்ளைத் தோட்டக்காரரைக் கொன்று அவருடைய சின்ன மகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். பதிலடிக்கு அந்தக் குளிர்காலத்தில் கிளம்பிய படையில் ராபர்ட்ஸ் இருந்தார். அங்கே பேர்போன தலைவர் வொனோலெல். படை போகும்போது அவர் உயிரோடு இல்லை, எதிர்த்து நின்றது அவர் மகன். பல கிராமங்களைக் கொளுத்திவிட்டுத் திரும்பிய அதிகாரி, சில வருஷம் கழித்துத் தன் குதிரைக்கு அந்தத் தலைவரின் பெயரை வைத்தார். மரியாதைக்கு வைத்தாரா, வேட்டையாடிய மான் தலையைச் சுவரில் மாட்டுவது மாதிரி வைத்தாரா? இரண்டும் கலந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்து ஆட்களுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

திரும்பும் வழியில் மருமகன் கேட்டான்: "சரி மாமா, உங்களுக்கும் அந்த ஆளுக்கும் என்ன?"

நல்ல கேள்வி. பதிலை லண்டன் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

புதன், கடலும் ரயிலும்

விமானத்தில் போயிருக்கலாம். கப்பல் ஆசை. டப்ளின் துறைமுகத்தில் ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் வேல்ஸில் ஹோலிஹெட். அங்கிருந்து ரயில், லண்டன் யூஸ்டன் வரை. கடல் அமைதியாக இருந்தது, டீ சுமார், ரயிலில் முக்கால்வாசி தூக்கம். ராத்திரி ஈஸ்ட்ஹாமில் கல்லூரித் தோழன் வீட்டில் சாம்பாரைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

வியாழன், செல்சி

ஸ்லோன் ஸ்குவேரில் இறங்கிப் பொடிநடையாகப் போனால் தேசிய ராணுவ அருங்காட்சியகம். பக்கத்திலேயே செல்சி ராயல் ஹாஸ்பிட்டல், டப்ளினில் பார்த்ததன் லண்டன் தம்பி. அதில் இன்றும் முதிய படைவீரர்கள் வாழ்கிறார்கள். சிவப்புக் கோட்டு போட்ட தாத்தா ஒருவர் பால் பாக்கெட்டோடு எதிரே வந்தார். அருங்காட்சியகத்துக்குள் கட்டணம் கிடையாது.

இங்கேயும் ஒரு குதிரை வரவேற்கிறது: நெப்போலியனின் மரெங்கோ, எலும்புக்கூடாக. அதைக் கடந்துதான் ராபர்ட்ஸைத் தேடிப் போனேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1832இல் கான்பூரில் பிறந்தவர். அப்பாவும் தளபதி, அயர்லாந்து வாட்டர்ஃபோர்டுக்காரர். குழந்தையில் வந்த மூளைக்காய்ச்சலில் வலது கண் பார்வை போய்விட்டது. வளர்ந்தும் உயரம் ஐந்தேகால் அடிதான். இன்றைக்கு எந்த ஆள்சேர்ப்பு முகாமிலும் கண் பரிசோதனையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 1851இல் வங்காள பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1857இல் டெல்லி முற்றுகையின்போது ஒரு குண்டு முதுகெலும்பை நோக்கி வந்தது. வயிற்றுப்பக்கம் இருக்க வேண்டிய தோல்பை அன்று நகர்ந்து முதுகுப்பக்கம் போயிருந்தது. குண்டு அதில் பட்டுக் காயத்தோடு போயிற்று. அந்தப் பை ஒழுங்காக இருந்த இடத்தில் இருந்திருந்தால் நான் செல்சிக்கு வந்திருக்க மாட்டேன்.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது 1858 ஜனவரி 2ஆம் தேதிக்காக. ஃபதேகட் பக்கம் குதாகஞ்சில் புரட்சிச் சிப்பாய்கள் பின்வாங்கி ஓட, குதிரைப்படை துரத்தியது. தன் பக்கத்துச் சவார் (இந்தியக் குதிரைவீரர்) ஒருவர் மேல் பயனெட்டோடு பாய்ந்த சிப்பாயை ராபர்ட்ஸ் வெட்டி வீழ்த்தினார். அடுத்து, கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரண்டு பேரைக் குதிரையில் விரட்டிப் பிடித்தார். கொடியைப் பறிக்கும் இழுபறியில் ஒருவர் செத்தார். மற்றவர் துப்பாக்கியை ராபர்ட்ஸின் உடம்புக்கு நேரே பிடித்து விசையை இழுத்தார். வெடிக்கவில்லை.

இந்தக் கதையை வெள்ளைக்காரர்கள் வீரக்கதையாகச் சொல்வார்கள். அந்தக் கொடியைக் கடைசிவரை விடாமல் இருந்தவர்களும் வீரர்கள்தானே என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. அவர்கள் பெயர் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. அந்தச் சவாரின் பெயரும் எங்கும் கண்ணில் படவில்லை. ஆங்கிலேயர் பக்கம் நின்று அவரே அன்று எதையாவது சாதித்திருந்தாலும் விக்டோரியா கிராஸ் கிடைத்திருக்காது. இந்தியச் சிப்பாய்களுக்கு அதை வாங்கும் தகுதியே 1911இல்தான் வந்தது. குதிரை மெடல் மாட்டிக்கொண்டு லண்டனில் நடந்ததற்கும் அதற்கும் இடையே 14 வருஷம்.

மெடலைக் கிட்டத்தில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மங்கிய வெண்கலச் சிலுவை, அகலம் ஒன்றரை அங்குலம்கூட இராது. பழைய பீரங்கி உலோகத்தில் செய்வது வழக்கம். கருஞ்சிவப்பு ரிப்பன். நடுவில் சிங்கமும் கிரீடமும், கீழே வீரத்துக்காக என்று ஒரு வரி. எந்த நாளுக்காகக் கொடுத்தார்கள் என்பது பின்பக்கம் இருக்கும். 1859 ஜூனில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ராணி கையால் வாங்கியது.

ஒரு விக்டோரியா கிராஸ் இல்லை, இந்தக் குடும்பத்துக்கு இரண்டு. மகன் ஃபிரெடி 1899 டிசம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவில் கொலென்சோவில், எதிரியின் குண்டுமழைக்கு நடுவே அநாதையாக நின்ற பீரங்கிகளை மீட்கப் போய்ச் சுடப்பட்டார். இரண்டு நாளில் இறந்தார். கிழவருக்கு அப்போது 67 வயது. தென்னாப்பிரிக்காவில் படைத் தலைமையை ஏற்கச் சம்மதித்த கையோடு மகன் இறந்த தந்தி வந்தது. மகனின் சிலுவையை ராணி தாயாரிடம் கொடுத்தார். அப்பாவும் மகனும் விக்டோரியா கிராஸ் வாங்கிய குடும்பங்கள் மூன்றுதான். இந்த வீட்டின் இரண்டு சிலுவைகளும் இதே அருங்காட்சியகத்தின் கையில் இருக்கின்றன.

அந்தக் காலத்துப் போர்ப் பதக்கங்களில் எனக்குப் பிடித்தது அபிசீனியப் பதக்கம், அதாவது இன்றைய எத்தியோப்பியாவில் நடந்த போருக்குக் கொடுத்தது. சின்னது, ஒன்பது முனை நட்சத்திரம், வாங்கியவர் பெயர் பின்பக்கம் நடுவிலேயே புடைப்பாக இருக்கும். மற்றப் பதக்கங்களில் விளிம்பில்தான் பெயர் வெட்டுவார்கள். ராபர்ட்ஸுக்கும் இது உண்டு. ஆனால் 1868இல் மக்தலாக் கோட்டையைப் பிடித்தபோது அவர் அங்கே இல்லை. செங்கடல் கரையில் ஸூலா துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டை வரை போனவர்களில் மதராஸ் சேப்பர்கள், அதாவது பாதையும் பாலமும் போடும் படைப்பிரிவினர், உண்டு. பாதை வெட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பதக்கம் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான்.

ஆப்கன் பதக்கத்தின் பின்பக்கம் ஒரு படை நடக்கிறது. நடுவில் பீரங்கியை முதுகில் சுமந்த யானை. மெல்லிய வெள்ளித் தகட்டில் யானையின் காது மடிப்பு வரை தெரிகிறது, செய்தவன் கைகாரன். இந்தப் பதக்கத்துக்கான போரில்தான் ராபர்ட்ஸ் பெயர் எடுத்தார், கெட்ட பெயரும் எடுத்தார். 1879இல் காபூலில் பிரிட்டிஷ் தூதரைக் கொன்றதற்குப் பழிவாங்கப் படையோடு போய், விசாரணை என்ற பெயரில் 80க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார். லண்டனிலேயே கண்டனம் எழுந்தது. அடுத்த ஜூலையில் மைவாந்தில் ஆங்கிலேயப் படை நொறுங்கியது. ஆயிரம் பேர் வரை செத்தார்கள், மிச்சம் காந்தஹாருக்குள் முடங்கியது. மீட்க 1880 ஆகஸ்டில் காபூலிலிருந்து ராபர்ட்ஸ் கிளம்பினார். சுமார் 10,000 வீரர்கள், பெரும்பாலும் இந்தியர்கள். கூட 8,000 வேலையாட்கள். 300 மைலுக்கு மேல், மூன்று வாரம், ஆகஸ்ட் வெயில். செப்டம்பர் 1 அன்று, மைவாந்தில் ஜெயித்த ஆப்கன் தலைவர் அயூப் கானைத் தோற்கடித்தார்கள்.

கடைசி நாட்களில் தளபதிக்குக் கடும் காய்ச்சல். டோலியில் தூக்கிப் போனார்கள். ஒரு தளபதிக்கு அது வெட்கக்கேடு என்று அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். காந்தஹாருக்குள் நுழையும்போது மட்டும் எப்படியோ குதிரையில் ஏறிக்கொண்டார். டோலி தூக்கினவர்கள் கடைசிவரை நடந்தே போனார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

காந்தஹாரில் பிடிபட்ட பீரங்கிகளை உருக்கித்தான், குதிரையும் வாங்கிய அந்த வெண்கல நட்சத்திரம் செய்தார்கள். அதற்கு வானவில் ரிப்பன். பார்த்தால் பள்ளி விளையாட்டு விழா ஞாபகம் வரும்.

இப்போது மருமகனுக்குப் பதில். இந்த வெற்றிக்குப் பரிசாகக் கிடைத்த பதவிதான், 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதி. கோடைக்கு அரசாங்கத்தோடு ஊட்டிக்கு ஏறிவிடுவார். துப்பாக்கி சுடும் பயிற்சியில் தீவிரம் காட்டினார், முகாம்களைச் சுற்றிப் பார்த்தார், கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தார்: தெற்கத்திச் சிப்பாய் நீண்ட அமைதியில் போர்க்குணத்தை இழந்துவிட்டான், வடக்கே எதிரி வந்தால் இவனை நம்பி நிறுத்த முடியாது. ஆர்க்காடு, மைசூர், மராத்தா, பர்மா என்று கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்த படையைப் பற்றிய தீர்ப்பு இது.

கருத்தாக மட்டும் இருந்திருந்தால் சரி, விட்டுவிடலாம். 1885இல் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதி ஆகி 1893 வரை இருந்தார். 'போர்க்குல' வீரர் என்று சிலரைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களை ஒதுக்கும் கொள்கைக்கு அவரைவிடப் பெரிய ஆதரவாளர் கிடையாது. மதராஸ் ரெஜிமென்ட்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன அல்லது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வடக்கத்தி ஆட்களால் நிரம்பின. 10வது மதராஸ் காலாட்படை கொஞ்ச வருஷத்தில் 10வது கூர்க்கா ரைபிள்ஸ் ஆனது. யார் வீட்டுச் சோறு யார் இலையில் போனது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பஞ்சாபும் நேபாளமும் படைச் சம்பளத்தையும் பென்ஷனையும் பல தலைமுறை பார்த்தன. வேலூர், ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தக் கதவு முக்கால்வாசி மூடிவிட்டது. மிஞ்சியது முக்கியமாக மதராஸ் சேப்பர்கள். பாலம் கட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் ஆள் வேண்டுமே.

நான் வேலூர்க்காரன். தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். அவருடைய பர்மா ஸ்டாரின் பின்பக்கம் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும். அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த பதக்கத்தில் பெயர் கிடையாது, இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் உண்டு. சின்ன வயதில் அந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தவனுக்கு, பதக்கம் என்றால் முதலில் விளிம்பையும் பின்பக்கத்தையும் பார்க்கிற பழக்கம் போகாது. கண்ணாடிக்குள் வைத்த மெடல்களில் எனக்குள்ள ஒரே குறை அதுதான், திருப்பிப் பார்க்க முடியாது.

ராபர்ட்ஸைக் கெட்டவர் என்று ஒரு வரியில் முடிக்கவும் மனசு வரவில்லை. சாதாரணச் சிப்பாயின் குடியிருப்பு, சாப்பாடு, சாராயப் பழக்கம் இதையெல்லாம் கவனித்த தளபதிகள் அப்போது குறைவு. இந்திய ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களைக் கொண்டுவந்ததில் அவர் மனைவி நோராவின் பங்கு பெரியது. அதே மனிதர் பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் போயர்களின், அதாவது டச்சு வழிவந்த குடியேறிகளின், பண்ணை வீடுகளைக் கொளுத்த உத்தரவு போட்டார். முகாம்களில் பெண்களையும் குழந்தைகளையும் அடைப்பது அவர் காலத்தில்தான் தொடங்கியது. அந்தப் போருக்கும் மெடல் உண்டு.

வெள்ளி, குதிரைக் காவல் மைதானமும் செயின்ட் பாலும்

வொயிட்ஹாலை ஒட்டிய குதிரைக் காவல் மைதானத்தில் ராபர்ட்ஸ் சிலையாக இருக்கிறார், வொனோலெல் மேல். குள்ளமான மனிதரைக் குதிரை காப்பாற்றிவிட்டது, கம்பீரமாகத்தான் தெரிகிறார். பக்கத்தில் இன்னொரு குதிரையில் அவர் காலத்து இன்னொரு பெரிய தளபதி வுல்ஸ்லி. வாழ்ந்த காலத்தில் இருவருக்கும் ஆகாது. இவருக்கு இந்தியாவில் ஒரு கோஷ்டி, அவருக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கோஷ்டி. பதவிகளுக்குத் தத்தம் ஆட்களைத் தள்ளுவதில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. மைதானத்தில் அவர்களை ஒரே வரிசையில் நிறுத்தியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

மத்தியானம் செயின்ட் பால் தேவாலயம். டிக்கெட் விலை நம் கணக்குக்கு நெஞ்சை அடைக்கும். நிலவறையில் நெல்சன், வெலிங்டன், அவர்களோடு ராபர்ட்ஸ். வுல்ஸ்லியும் இங்கேதான், செத்தும் பிரியவில்லை.

ராபர்ட்ஸ் இறந்த இடம் பிரான்ஸில் ஸான் ஓமர், 1914 நவம்பர் 14. முதல் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம். 82 வயதில், போர்முனையிலிருந்த இந்தியப் படைகளைப் பார்த்தே தீருவேன் என்று போனார். குளிரில் நிமோனியா. அவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், அக்டோபர் 31 அன்று, பெல்ஜியத்தில் ஹோலபெகேயில் குதாதாத் கான் என்ற பலூச் ரெஜிமென்ட் சிப்பாய், தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் எல்லோரும் செத்த பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய வீரர் அவர். குதாகஞ்சின் சவாருக்கு மூடியிருந்த கதவு அன்றுதான் நடைமுறையில் திறந்தது.

சனி, ஹைட் பார்க் கார்னர்

விமானம் சாயங்காலம். தோழன் தன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றான், போகும் வழியில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து ஏறி வரும் சாலையின் தலைமாட்டில் நான்கு கல்தூண்கள்: இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகளிலிருந்து இரண்டு உலகப் போர்களிலும் பங்கேற்றவர்களுக்கு 2002இல் திறந்த நினைவு வாசல். ஓரத்தில் குடை மாதிரி சின்ன மண்டபம். அதன் உட்கூரையில் விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் பெற்ற 74 பேரின் பெயர்கள்.

"என்னய்யா, மேலே ஒட்டடையா பாக்குற?" என்றான் தோழன்.

சுபேதார் சுப்பிரமணியனைத் தேடிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டுச் சீமைக்காரர், மதராஸ் சேப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கம் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்த தன் ஆட்களில் ஒருவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில நொடிதான் அவகாசம். சுப்பிரமணியன் அதன் மேல் போய் விழுந்து படுத்துக்கொண்டார். அவர் இறந்தார், சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத இடத்தில் காட்டும் துணிச்சலுக்கு விக்டோரியா கிராஸுக்குச் சமமாகக் கொடுப்பது ஜார்ஜ் கிராஸ். அவருக்குக் கிடைத்தது அது.

தோழனும் அண்ணாந்து பார்த்துத் தேட ஆரம்பித்தான். பின்னால் ஒரு டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். வண்டியை நிறுத்தக் கூடாத இடமாம்.